கச்சேரிக் காணொளியில் ரசிகர்கள் எதை மன்னிக்கிறார்கள், எதை மன்னிப்பதில்லை

ஒரு ராக் குழு தன் மேடைக் கச்சேரியைக் காணொளியாக வெளியிட்டதும், அதே வட்டைப் பார்த்த ரசிகர்களில் ஒரு சாரார் அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவதும் மறு சாரார் கொதித்துப்போவதும் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். இரு தரப்பாரும் அந்தக் குழுவை உயிராக நேசிப்பவர்கள். அப்படியிருக்க யார் பேச்சை நம்பி வாங்குவது என்பது உங்கள் குழப்பம். விஎச்எஸ் நாடாக் காலத்திலிருந்து இன்றைய 4கே வட்டுவரை இத்தகைய வெளியீடுகளைச் சேர்த்துப் பார்த்துவருபவன் என்ற முறையில், எனக்குத் தெளிவாகத் தென்பட்ட ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த இரவுக்கே உரிய குறைகளை ரசிகர்கள் ஏறக்குறைய எப்போதும் மன்னித்துவிடுகிறார்கள். இரவு முடிந்த பிறகு தொகுப்பு அறையில் புகுந்த குறைகளை எத்தனை ஆண்டுகள் ஆனாலும் மன்னிப்பதில்லை. பாடகரின் குரல் உச்சத்தில் பிசிறுவது, கிட்டார் ஒரு சுரம் தவறுவது, மழையில் மேடை நனைவது ஆகியவை முதல் வகை. கிட்டார் தனி வாசிப்பு ஒலித்துக்கொண்டிருக்கும்போது பாடகரின் முகத்தைக் காட்டுவது, பாதிப் பாடல்களை வெட்டி எறிவது, பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடிய குரலை மேடைக் குரலாக ஒட்டுவது ஆகியவை இரண்டாம் வகை. ஒரு ரசிகரின் கருத்தைப் படிக்கும்போது அவர் எந்த வகைக் குறையைப் பற்றிப் பேசுகிறார் என்று பிரித்துப் பார்த்தால், உங்கள் குழப்பத்தில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது, ஒரே நகரத்தில் இரண்டு ஆண்டு இடைவெளிக்குள் நடந்த இரண்டு கச்சேரிகளை. ஐயன் மெய்டன் குழு 2001 ஜனவரி 19 அன்று ரியோ டி ஜெனிரோவின் 'ராக் இன் ரியோ' விழாவில் வாசித்தது. கனடாவின் ரஷ் குழு 2002 நவம்பர் 23 அன்று அதே நகரத்தின் மரக்கானா கால்பந்து அரங்கில் வாசித்தது. முதலாவது 2002இலும் இரண்டாவது 2003இலும் டிவிடியாக வெளிவந்தன. இரண்டிலும் குழுவினர் உச்ச நிலையில் வாசித்திருக்கிறார்கள். இரண்டிலும் கடல்போன்ற கூட்டம். ஆனாலும் ரசிகர்கள் இவ்விரண்டைப் பற்றியும் பேசும் விதம் முற்றிலும் வேறுபட்டது.

ரஷ் குழுவின் வெளியீட்டை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தொழில்நுட்பக் கணக்கில் பார்த்தால் அது தோற்றிருக்க வேண்டிய பதிவு. பிரேசிலுக்கு அந்தக் குழு சென்ற முதல் பயணம் அது. முந்தைய இரவு சாவோ பாவ்லோவில் மழையில் கச்சேரி நடந்தது. கருவிகளை ஏற்றிவந்த லாரிகள் ரியோவுக்குத் தாமதமாக வந்துசேர்ந்தன. கதவு திறப்பதற்குள் மேடையைக் கட்டி முடிப்பதே பெரும்பாடாக இருந்ததால் ஒலி ஒத்திகைக்கு நேரமே கிடைக்கவில்லை. எந்த மைக்குக்கு எவ்வளவு அளவு வைப்பது, எந்தக் கேமரா யாரைப் பின்தொடர்வது என்பதையெல்லாம் கச்சேரி ஓடிக்கொண்டிருக்கும்போதே சரிசெய்ய வேண்டிய நிலை. விளைவு காதில் கேட்கிறது. அடித்தள ஒலிகள் ஒன்றோடொன்று கலங்கி நிற்கின்றன; டிரம்ஸோடு சேர்ந்த உலோகத் தட்டுகளான சிம்பல்களின் ஓசை கூர்மையிழந்து கிடக்கிறது; ஏறக்குறைய 40,000 பேரின் கூச்சல் எல்லா மைக்குகளுக்குள்ளும் வழிந்து பாடகர் கெடி லீயின் குரலையே சில இடங்களில் மூழ்கடிக்கிறது. ஒலித்தரத்தைப் பற்றிக் கறாராக இருப்பவர்கள் அன்றும் இதைக் குறை சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள்; அவர்கள் சொல்வதில் தவறேதும் இல்லை.

அப்படியிருந்தும் அந்த வட்டு ரசிகர்களின் மனத்தில் தனி இடம் பிடித்திருப்பதற்குக் காரணத்தை ஒரே பாட்டில் காட்டிவிடலாம். 'ஒய்ஒய்இசட்' (YYZ) என்பது சொற்களே இல்லாத வாத்திய இசை. டொராண்டோ விமான நிலையத்தின் குறியீட்டு எழுத்துகளை மோர்ஸ் தந்தித் தாளத்தில் அடித்துக்கொண்டு அது தொடங்குகிறது. பாடுவதற்கு அதில் ஒரு வரிகூடக் கிடையாது. அன்று மரக்கானாவில் கிட்டாரின் முதன்மை மெட்டு எழுந்ததும், மொத்தக் கூட்டமும் குதித்துக்கொண்டே அந்த மெட்டைச் சுரம் சுரமாக வாய்விட்டுப் பாடுகிறது. மேலிருந்து எடுத்த காட்சியில் தலைகள் ஒரே அலையாக ஏறி இறங்குகின்றன. பாடலே இல்லாத ஒன்றை ஓர் அரங்கமே பாடுவதை நான் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை. ஒலி துல்லியமாகப் பிரிந்திருந்தால் இந்தக் கூட்டத்தின் குரல் இவ்வளவு நெருக்கமாகக் கேட்டிருக்குமா என்பது ஐயமே. இங்கே குறையும் நிறையும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. ரசிகர்கள் அதை உணர்ந்திருக்கிறார்கள். அதனால்தான் "ஒலி மோசம், ஆனால் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்" என்ற வகைப் பேச்சு இந்த வட்டைப் பற்றி இத்தனை முறை எழுகிறது.

இனி ஐயன் மெய்டன். பாடகர் புரூஸ் டிக்கின்சனும் கிட்டார் கலைஞர் ஏட்ரியன் ஸ்மித்தும் 1999இல் குழுவுக்குத் திரும்பிய பிறகு மேற்கொண்ட பெரும் பயணத்தின் நிறைவுக் கச்சேரி அது. ஏட்ரியன் திரும்பியபோதும் அவர் இடத்துக்கு வந்திருந்த ஜானிக் கெர்ஸ் விலகவில்லை என்பதால், டேவ் மர்ரியையும் சேர்த்து மூன்று கிட்டார்களோடு குழு மேடையேறியது. நிகழ்ச்சியைப் பற்றி ரசிகர்களுக்குள் கருத்து வேறுபாடே கிடையாது என்று சொல்லலாம். சர்ச்சை முழுவதும் படத்தொகுப்பைப் பற்றியது. குழுவின் நிறுவனரும் பேஸ் கிட்டார் கலைஞருமான ஸ்டீவ் ஹாரிஸ் தாமே தொகுப்பில் அமர்ந்து உழைத்தார். பல இடங்களில் ஒரு காட்சி ஓரிரு நொடிகூட நிலைப்பதில்லை. கண் ஒரு முகத்தில் பதிவதற்குள் அடுத்த முகம், அதற்குள் கூட்டம், அதற்குள் மேடைப் பின்திரை. கூட்டத்தின் வேகத்தை அது கண்முன் கொண்டுவருகிறது என்று ஆதரிப்பவர்கள் உண்டு. அவர்கள் வாதத்தை நான் பலமுறை எண்ணிப்பார்த்தேன். என்னால் ஏற்க முடியவில்லை. மூன்று கிட்டார்கள் உள்ள குழுவில், இந்தத் தனி வாசிப்பு யாருடையது, அவர் பதில் சொல்லிவிட்டு யாரிடம் கைமாற்றுகிறார் என்பதைப் பார்ப்பதுதான் காணொளியின் பெரும் பயன். அதைக் காதால் மட்டும் பிரித்தறிவது தேர்ந்த ரசிகருக்கும் கடினம். கேமரா அங்கே உதவாமல் ஓடிக்கொண்டே இருந்தால், ஒலித்தட்டைக் கேட்பதைவிடக் காணொளி பார்ப்பதில் கிடைப்பது குறைந்துவிடுகிறது. இதே குழுவின் 'லைவ் ஆஃப்டர் டெத்' காணொளி 1985இல் கலிஃபோர்னியாவின் லாங் பீச் அரங்கில் எடுக்கப்பட்டது. அதில் காட்சிகள் நிதானமாக நிற்கின்றன. விரல்கள் எந்தக் கட்டையில் இருக்கின்றன என்று பார்த்துக் கற்றுக்கொண்ட இளைஞர்கள் ஒரு தலைமுறையே இருக்கிறார்கள்.

ஆகவே, யாராவது ஒரு புதிய வெளியீட்டைப் பற்றித் "தொகுப்பு வேகமாக இருக்கிறது" என்று எழுதினால், அதைச் சுவை வேறுபாடு என்று தள்ளிவிடாதீர்கள். நீங்களே சோதித்தறிய ஓர் எளிய வழி இருக்கிறது. டிரம்ஸ் வாசிப்பவரைக் காட்டும் ஏதேனும் ஒரு காட்சியை நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். அவருடைய வலது கை சிம்பலைத் தொடும் கணத்தில் சிம்பலின் ஒலியே கேட்கிறதா? இடது கை ஸ்நேர் டிரம்மில் இறங்கும்போது அந்தச் சுருக்கென்ற அடி அதே கணத்தில் வருகிறதா? கை மேலே நிற்கும்போது அடி கேட்டாலோ, சிம்பலைத் தொடும்போது டாம் டிரம் ஒலித்தாலோ, அந்தக் காட்சி வேறொரு பாட்டிலிருந்தோ வேறோர் இரவிலிருந்தோ எடுத்து ஒட்டப்பட்டது. கிட்டார் வாசிப்பவரின் இடது கைக்கும் இதே சோதனை பொருந்தும். சுரம் மேலே ஏறும்போது கை கட்டையில் உடலை நோக்கி நகர வேண்டும், அது தலைப்பக்கம் அசையாமல் நின்றுகொண்டிருந்தால் நீங்கள் பார்ப்பதும் கேட்பதும் வேறு வேறு. இசை பயின்ற ரசிகர்கள் இதை முதல் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அவர்கள் கோபம் பிறருக்கு மிகையாகத் தெரிவதற்குக் காரணம், பிறர் கண்ணில் அது படாததே. ரஷ் குழுவின் ரியோ டிவிடியில் மூன்று பாடல்களுக்கு மட்டும், பார்ப்பவர் தாமே ஒரு கலைஞரைத் தேர்ந்தெடுத்து அவர் பக்கக் கேமராவைப் பின்தொடரும் வசதி தரப்பட்டிருந்தது. டிவிடி தொழில்நுட்பம் கொடுத்த அருமையான கொடை அது. பின்னாளைய வெளியீடுகளில் அது அரிதாகிப்போனதை எண்ணி இன்றும் வருந்துகிறேன்.

பல இரவுகளை ஒட்டுவதே குற்றமா என்று அடுத்ததாகக் கேட்கத் தோன்றும். குற்றமில்லை என்பதற்கு மிகச் சிறந்த சான்று, டாக்கிங் ஹெட்ஸ் குழுவைப் பற்றி ஜானதன் டெமி இயக்கிய 'ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்'. 1983 டிசம்பரில் ஹாலிவுட்டின் பான்டேஜஸ் அரங்கில் சில இரவுகள் படம்பிடித்துத் தொகுத்த படம் அது, 1984இல் வெளியானது. முதல் காட்சியில் கேமரா தரையை ஒட்டி ஒரு ஜோடி வெள்ளைக் காலணிகளைப் பின்தொடர்கிறது. குழுவின் பாடகர் டேவிட் பைர்ன் வெறும் மேடையில் நடந்துவந்து, ஒரு டேப் ரிக்கார்டரைத் தரையில் வைத்துவிட்டு, தனியே ஒரு கிட்டாரோடு பாடத் தொடங்குகிறார். இரண்டாம் பாட்டுக்கு பேஸ் கிட்டாரோடு டீனா வெய்மத் வருகிறார், அடுத்ததற்கு டிரம்ஸ் மேடை உருட்டிக்கொண்டுவரப்பட்டு கிறிஸ் ஃபிரான்ட்ஸ் அமர்கிறார், அதற்கடுத்து ஜெர்ரி ஹாரிசன். இப்படி ஒவ்வொரு பாட்டுக்கும் ஒருவராகச் சேர்ந்து மேடை நம் கண்முன்னேயே நிறைகிறது. யார் எந்த ஒலியை எழுப்புகிறார் என்பதை இதைவிடத் தெளிவாக ஒருவர் விளக்க முடியாது. ஒரு சொல்கூடப் பேசாமல் விளக்கியிருக்கிறார்கள். கூட்டத்தை டெமி ஏறக்குறைய இறுதிவரை காட்டுவதில்லை; காட்சிகள் நீண்டு நிற்கின்றன. பல இரவுகளின் ஒட்டு என்று தெரிந்தும் ரசிகர்கள் அதைக் குறையாகச் சொல்லிக் கேட்டதில்லை. 2023இல் 4கே தரத்தில் மீண்டும் திரையரங்குக்கு வந்தபோதும் அதே வரவேற்பு. காதும் கண்ணும் ஒன்றையே சொல்லும் வரை ஒட்டு யாரையும் உறுத்துவதில்லை.

உறுத்திய ஒட்டுக்கும் புகழ்பெற்ற உதாரணம் இருக்கிறது. லெட் செப்பலின் குழு 1973 ஜூலை 27, 28, 29 ஆகிய மூன்று இரவுகளும் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வாசித்ததைப் படம்பிடித்து, 1976இல் 'தி சாங் ரிமெயின்ஸ் தி சேம்' என்று வெளியிட்டார்கள். எடுத்த காட்சிகளில் இடைவெளிகள் விழுந்திருந்ததால், 1974இல் இங்கிலாந்தின் ஷெப்பர்ட்டன் படப்பிடிப்புக் கூடத்தில் மேடையை மீண்டும் அமைத்து நிரப்புக் காட்சிகள் எடுத்தார்கள். அதற்குள் பேஸ் கிட்டார் கலைஞர் ஜான் பால் ஜோன்ஸ் முடியை வெட்டிவிட்டிருந்ததால் அவர் பொய்முடி அணிய வேண்டியிருந்தது. கூடவே, ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு கற்பனைக் காட்சி. வாசிப்பு உச்சத்தை எட்டும் வேளையில் படம் மேடையை விட்டு வெளியேறி எங்கோ போய்விடுகிறது. அந்த மூன்று இரவுகளும் எத்தனை அரியவை என்பதை உணர்ந்த ரசிகர்களுக்கு இது பெருத்த ஏமாற்றம். ஆனால் 2003இல் அந்தக் குழு வெளியிட்ட இரட்டை டிவிடியில், 1970 ஜனவரி 9 அன்று லண்டனின் ராயல் ஆல்பர்ட் அரங்கில் கையில் பிடித்த 16 மி.மீ. கேமராக்களால் எடுத்த காட்சிகள் இடம்பெற்றபோது அதே ரசிகர்கள் மெய்ம்மறந்துபோனார்கள். படம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது, வெளிச்சம் போதவில்லை, கேமரா அலைகிறது. ஆனால் டிரம்ஸ் கலைஞர் ஜான் பான்ஹமின் கைகள் இருக்கும் இடத்தில் கேமராவும் இருக்கிறது. எனக்கும் லெட் செப்பலின் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அந்தக் காட்சிகளே.

ஒலிப்பதிவுக் கூடத்தில் பின்னர் சேர்க்கும் ஓவர்டப் விஷயத்தில் நான் சற்று மென்மையானவன். ஒரு மைக் செயலிழந்ததால் தொலைந்துபோன பின்னணிக் குரலை மீட்டுச் சேர்ப்பதும், பிசிறிய குரலை மறைக்க முழுப் பாட்டையும் திரும்பப் பாடுவதும் ஒன்றாகா. முன்னதை நான் பழுதுபார்ப்பு என்பேன். பின்னது அந்த இரவையே மாற்றி எழுதுவது; உதடு ஓரிடத்தில் மூடியிருக்கக் குரல் நீண்டுகொண்டிருப்பதைக் கண்டுவிட்டால் அதற்குப் பிறகு எதையும் நம்பிப் பார்க்க முடிவதில்லை.

படத்தின் தரத்தைப் பற்றிய கருத்துகளைப் படிக்கும்போது, அந்தக் கச்சேரி படச்சுருளில் எடுக்கப்பட்டதா வீடியோ நாடாவில் எடுக்கப்பட்டதா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். குயின் குழுவின் இரண்டு வெளியீடுகளை வைத்து இதை விளக்குகிறேன். 1981 நவம்பர் 24, 25 ஆகிய நாள்களில் கனடாவின் மாண்ட்ரியலில் நடந்த கச்சேரிகள் 35 மி.மீ. படச்சுருளில் எடுக்கப்பட்டன. 1986 ஜூலையில் லண்டன் வெம்பிளி அரங்கில் நடந்தவை வீடியோ நாடாவில் பதிவாயின. படச்சுருளில் அன்று பதிந்த நுணுக்கம் இன்றும் அதற்குள் இருக்கிறது. நல்ல கருவியில் மீண்டும் வருடி (ஸ்கேன் செய்து) எடுத்தால் பெரிய திரைக்கும் அது தாங்கும். அதனால்தான் மாண்ட்ரியல் கச்சேரியை 2024இல் ஐமேக்ஸ் திரைகளிலேயே காட்ட முடிந்தது. வெம்பிளியோ அன்றைய தொலைக்காட்சி வரிகளின் எண்ணிக்கையோடு நின்றுவிட்டது. அதைக் கணினியால் பெரிதாக்கலாம், மெருகேற்றலாம். அன்று பதியாத விவரத்தை இன்று உண்டாக்க முடியாது. ஆகவே, வெம்பிளி மங்கலாக இருக்கிறது என்று வெளியிட்டவரைத் திட்டுவது நியாயமில்லை. அதே வேளையில், முகங்கள் மெழுகு பூசியதுபோல் வழவழப்பாகிவிட்டன என்று யாராவது குறை சொன்னால் அதைக் கவனமாகக் கேளுங்கள். அது மெருகேற்றம் எல்லை மீறியதன் அடையாளம், அதாவது இரண்டாம் வகைக் குறை.

படச்சுருளுக்கு இன்னொரு பெரிய நன்மையும் உண்டு. பிங்க் ஃபிளாய்ட் 1988 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தின் நாசோ கொலீசியத்தில் வாசித்ததைப் படச்சுருளில் எடுத்து, 1989இல் 'டெலிகேட் சவுண்ட் ஆஃப் தண்டர்' என்று வெளியிட்டார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, மூலச் சுருள்களை மீண்டும் வருடி, படத்தைப் புதிதாகத் தொகுத்து, ஒலியையும் புதிதாகக் கலந்து 2019இல் ஒரு தொகுப்புப் பெட்டியிலும் அடுத்த ஆண்டு தனியாகவும் கொண்டுவந்தார்கள். நிகழ்ச்சி ஒன்றுதான், எடுத்த சுருளும் ஒன்றுதான். ஆனால் பழைய வடிவத்தைப் பார்த்துச் சலித்துப்போன பலர் புதிய வடிவத்தைக் கண்டு மனம் மாறினார்கள். தொகுப்பு ஒன்றே ஒரு கச்சேரியை எவ்வளவு தூக்கவும் தாழ்த்தவும் முடியும் என்பதற்கு இதைவிடத் தூய்மையான ஒப்பீடு எனக்குத் தெரியாது.

சிறிய விஷயம்போல் தோன்றினாலும், சுருதியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நொடிக்கு 24 படங்களாக எடுத்த சுருளை, ஐரோப்பாவிலும் ஆசியாவின் பல நாடுகளிலும் வழங்கிய 'பால்' (PAL) என்ற தொலைக்காட்சி முறை டிவிடிக்கு மாற்றும்போது நொடிக்கு 25 படங்களாக ஓட்டுவது வழக்கம். வேகம் ஏறக்குறைய 4 விழுக்காடு கூடுகிறது. ஒலியைத் தனியே திருத்தாவிட்டால் சுருதி ஓர் அரைச்சுரத்தில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக மேலே ஏறிவிடும். திரைப்படத்தில் யாரும் கவனிக்கமாட்டார்கள். கூடவே கிட்டாரை மடியில் வைத்து வாசித்துப் பார்க்கும் ரசிகருக்கோ அது தாங்க முடியாத தொல்லை. பழைய வெளியீடு ஒன்றைப் பற்றி ஒரு நாட்டு ரசிகர்கள் "சுருதி சரியில்லை" என்றும் வேறு நாட்டவர்கள் "எல்லாம் சரியாகவே இருக்கிறது" என்றும் சொன்னால், இரு தரப்பும் உண்மையையே சொல்லிக்கொண்டிருக்கக்கூடும்.

ஒலிக்கலவையைப் பற்றிய விவாதங்களில் மிகுதியாக அடிபடுவது கூட்டத்தின் ஓசை. அது எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு விதியில்லை. ஆனால் அதைக் கலப்பது எவ்வளவு கடினம் என்று தெரிந்தால் கருத்துகளை எடைபோடுவது எளிதாகும். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்கிறது. 100 மீட்டர் தொலைவில் நிற்பவரை மேடையிலிருந்து புறப்படும் அடி வந்தடைய ஏறக்குறைய 0.3 நொடி ஆகும். அவர் அதைக் கேட்டுத் தட்டும் கைத்தட்டல் மேடைக்குத் திரும்ப இன்னொரு 0.3 நொடி. வேகமான ராக் பாட்டில் இது ஒரு முழு அடிக்கும் மேல். அரங்கின் பல மூலைகளில் வைத்த மைக்குகளை அப்படியே கலந்தால், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு தாமதத்தோடு டிரம்ஸ் ஒலியும் சேர்ந்து வந்து மொத்தமும் குழம்பிவிடும். அவற்றை நேரம் பார்த்து முன்னிழுத்துப் பொருத்த வேண்டும். இந்தச் சிக்கலைத் தவிர்ப்பதற்காகச் சிலர் பாட்டு நடக்கும்போது கூட்டத்தை முழுக்க அடைத்துவிட்டு, முடிந்ததும் கைத்தட்டலைத் திறந்துவிடுகிறார்கள். அப்போது கேட்பது சுத்தமாக இருக்கும், ஆனால் ஒத்திகைக் கூடத்தில் வாசித்ததுபோல் உயிரற்று இருக்கும். ஏசி/டிசி குழு 2009 டிசம்பரில் புவெனஸ் அயர்ஸின் ரிவர் பிளேட் அரங்கில் வாசித்து 2011இல் வெளியிட்ட காணொளியில் கூட்டம் ஒரு வாத்தியம்போலவே ஒலிக்கிறது, ஆனாலும் இரண்டு கிட்டார்களும் தனித்தனியே கேட்கின்றன. இரண்டும் சேர்ந்து சாத்தியம் என்பதற்கு அது சான்று. அதேபோல், "ஒலி மோசம்" என்று ஒருவர் எழுதினால், அவர் கேட்டது இரட்டைத் (ஸ்டீரியோ) தடமா, சுற்றிலும் ஒலிபெருக்கிகள் வைத்துக் கேட்கும் 5.1 தடமா, வட்டிலா இணைய ஓடையிலா என்று பாருங்கள். ஒரே வட்டில் இரட்டைத் தடம் இரைச்சலாக நசுக்கப்பட்டும் 5.1 தடம் மூச்சுவிட இடத்தோடும் இருப்பதை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். வெறும் தடத்தை மாற்றியதில் தீர்ப்பே மாறிவிடும்.

பாடல்களை வெட்டுவதைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை; அதை ரசிகர்கள் ஒருபோதும் ஏற்பதில்லை, நானும் ஏற்பதில்லை. ரஷ் குழு 2004இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடத்திய 30ஆம் ஆண்டுக் கச்சேரியின் டிவிடி 2005இல் வந்தபோது, முந்தைய ரியோ வட்டில் இருக்கிறது என்ற காரணத்தால் சில பாடல்கள் நீக்கப்பட்டிருந்தன. காரணம் நேர்மையானதே. ஆனால் கச்சேரிக்கு ஓர் ஏற்ற இறக்கம் உண்டு. நடுவே சில படிகளை உருவிவிட்டால் அதில் ஏற முடியாது. பின்னர் 2009 புளூ-ரே பதிப்பில் அவை சேர்க்கப்பட்ட பிறகுதான் அந்த மனத்தாங்கல் தணிந்தது. குயினின் வெம்பிளிக் கச்சேரிக்கும் இதே கதை: 1990இல் வந்த விஎச்எஸ் நாடாவில் குறைபட்டிருந்தது, 2003 டிவிடியில் முழுமையடைந்தது. இதனால்தான் முதல் பதிப்பைப் பற்றிய கருத்தையும் பிந்தைய பதிப்பைப் பற்றிய கருத்தையும் ஒன்றாகக் கலந்து படிக்கக் கூடாது என்கிறேன்.

எழுதுபவர் யார் என்பதும் பொருட்டு. அந்த இரவில் அரங்கில் இருந்தவர் காணொளியைப் பார்ப்பதில்லை, தன் நினைவைத் தேடுகிறார். அது கிடைத்தால் மகிழ்கிறார், தான் நின்ற இடத்தில் கேட்டதைவிட வேறாக ஒலித்தால் ஏமாறுகிறார். அங்கே இல்லாதவருக்கு இந்த வட்டு ஒன்றே அந்த இரவு. லெட் செப்பலின் 2007 டிசம்பர் 10 அன்று லண்டனின் ஓ2 அரங்கில், டிரம்ஸில் மறைந்த ஜான் பான்ஹமின் மகன் ஜேசன் பான்ஹமோடு, ஒரே ஒரு முழுக் கச்சேரிக்காக ஒன்றுகூடியது. நுழைவுச்சீட்டுக் கேட்டுப் பதிந்தவர்கள் மிகப் பலர். உள்ளே போனவர்கள் மிகச் சிலர். 'செலிப்ரேஷன் டே' என்ற பெயரில் அதன் காணொளி 2012இல்தான் வந்தது. ஐந்து ஆண்டுக் காத்திருப்பின் பாரத்தோடு பார்த்தவர்களின் முதல் வாரக் கருத்துகளில் நன்றியுணர்வே நிறைந்திருந்தது, அது இயல்பும்கூட. வயதேறிய பாடகர் ராபர்ட் பிளான்ட் சில பாடல்களைத் தாழ்ந்த சுருதியில் பாடுகிறார். அதைக் குறையாகச் சொன்னவர்களைவிட, அந்தக் குரலுக்கேற்பக் குழு அடங்கியும் பொங்கியும் வாசிப்பதை உணர்ந்து சொன்னவர்களே மிகுதி. அங்கே காட்சிகள் நின்று பேசுகின்றன. நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் பார்வைகூடத் தப்பவில்லை. 1976இல் இந்தக் குழுவுக்கே கிடைக்காதது அது.

ஆகவே, நீங்கள் வாங்க நினைக்கும் வெளியீட்டைப் பற்றிய கருத்துகளில் "அருமை", "குப்பை" என்ற முடிவுச் சொற்களைத் தாண்டிச் செல்லுங்கள். இரண்டு மாதம் கழித்தும் யாராவது ஒரு குறிப்பிட்ட பாட்டின் குறிப்பிட்ட கணத்தைச் சொல்லி எழுதியிருந்தால் அதற்கு மதிப்புக் கொடுங்கள். பிறகு, உங்களுக்கு ஒவ்வோர் அடியும் மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, குழு தானே முன்னோட்டமாக வெளியிட்டிருக்கும் காட்சியில் அதன் கிட்டார் தனி வாசிப்பைப் பாருங்கள். அந்த வாசிப்பு தொடங்கும் கணத்தில் கேமரா அந்தக் கைகளுக்கு வந்துசேர்ந்து, வாசிப்பு முடியும்வரை அங்கேயே தங்கினால் தயங்காமல் வாங்குங்கள்.